ஸ்கேனில் தெரியாத வலி: கேட்டால்தான் புரியும்

ரிப்போர்ட் நார்மல், வலி மட்டும் போகவில்லை

இடுப்பு வலி, கழுத்து வலி, மூட்டு வலி என்று ஆண்டுக்கணக்கில் அவதிப்படுகிறவர்கள் வலி சிகிச்சைக்கு மிகத் தாமதமாகத்தான் வந்து சேர்கிறார்கள். அதற்குள் இரண்டு மூன்று எம்.ஆர்.ஐ. எடுத்தாகிவிட்டது, பையில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள், ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலிப்பு. காயம் ஆறிய பிறகும் தண்டுவடமும் மூளையும் வலியைப் பெருக்கிக் காட்டக்கூடும். தண்டுவடத்தில் இது நடப்பதை எலிகளில் செய்த ஆய்வின் மூலம் 1983இல் கிளிஃபோர்டு வூல்ஃப் காட்டினார். சர்வதேச வலி ஆய்வுக் கழகம் 2017இல் இத்தகைய வலிக்குத் தனி வகையையே ஏற்படுத்தியது. நரம்பு மண்டலம் இப்படி வலியைப் பெருக்கும் உணர்மிகையை நாம் வழக்கமாக எடுக்கும் எந்த ஸ்கேனும் காட்டாது. முறையாகக் கேட்டால் தடயம் கிடைக்கும். ஆனால் நம் மருத்துவமனைகளில் படம் எடுப்பதற்குக் கிடைக்கும் நேரம் கேட்பதற்குக் கிடைப்பதில்லை.

25 கேள்விகள்

2012இல் அமெரிக்காவில் உருவான ஒரு வினாத்தாளில் 25 கேள்விகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 100. நாற்பதோ அதற்கு மேலோ வந்தால் நரம்பு மண்டலத்தின் உணர்மிகையைச் சந்தேகிக்கலாம். வலி எங்கே என்பதோடு இது நிற்பதில்லை. தூங்கி எழும்போதே களைப்பாக இருக்கிறதா, வெளிச்சம் கண்ணை உறுத்துகிறதா, சென்ட் வாசனையில் தலை சுற்றிக் குமட்டுகிறதா, பல்லைக் கடிக்கிறீர்களா, அடிக்கடி சிறுநீர் வருகிறதா என்று போகிறது. இவற்றையெல்லாம் தனித்தனி நோயாக நினைத்துத் தனித்தனி டாக்டரிடம் சொல்லிவந்தவருக்கு, எல்லாம் ஒரே தாளில் சேர்ந்து நிற்பதே ஒரு விடை. ஜெர்மனியில் 2009இல் வந்த இன்னொரு வினாத்தாள், முழங்காலுக்குக் கீழே மேசை விளிம்பில் பலமாக இடித்துக்கொண்டால் எவ்வளவு வலிக்கும் என்பது போன்ற 17 சூழல்களைக் கற்பனை செய்து மதிப்பெண் போடச் சொல்கிறது.

‘அப்படியென்றால் எல்லாம் மனசுதானா?’

அந்த 25 கேள்வி வினாத்தாளுக்கு எதிரான வலுவான ஆட்சேபம் மருத்துவ உலகத்திலிருந்தே வருகிறது. தோலில் அழுத்தமும் சூடும் கொடுத்து வலியை நேரடியாக அளக்கும் சோதனைகளோடு இந்த மதிப்பெண் அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. கவலை, மனச்சோர்வு, தூக்கக்கேடு ஆகியவற்றோடுதான் நெருங்கிப் போகிறது. உண்மைதான். அதனால் 40 என்ற எண்ணை நோயின் பெயராக யாரும் எழுதிவிடக் கூடாது. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு ‘உங்களுக்கு ஒன்றுமில்லை, மனப்பிரமை’ என்று சொல்வது பெரும் தவறு. தூக்கமும் பதற்றமும் வலியும் ஒரே நரம்பு மண்டலத்தில் ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன. எதையும் தனியாகப் பிரித்துக் குணப்படுத்துவது கடினம். நோயாளி மிகைப்படுத்திச் சொல்வாரே என்பார்கள். சிலர் சொல்லக்கூடும். ஆனால் மூட்டு மாற்று அறுவைக்கு முன்பே இந்த மதிப்பெண் அதிகமாக இருந்தவர்களுக்கு, அறுவைக்குப் பிறகும் வலியும் அதிருப்தியும் கூடுதலாக இருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கத்தி வைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. எழுதப் படிக்கச் சிரமப்படுபவரிடம் தாளை நீட்டிவிட்டுப் போகாமல், அருகில் உட்கார்ந்து வாசித்துக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

தயவுசெய்து மாத்திரையைக் கூட்டாதீர்கள்

வலி கூடினால் மாத்திரையைக் கூட்ட வேண்டும் என்ற நம்பிக்கைதான் அதிகக் கெடுதல் செய்கிறது. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்றவை வீக்கத்தால் வரும் வலிக்கானவை. நரம்பு மண்டலமே பெருக்கும் வலியில் அவற்றால் பெரிய பயனில்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். டிராமடால் போன்ற ஓபியாய்டு வகை மருந்துகள் நாளடைவில் வலி உணர்வையே கூர்மையாக்கிவிடலாம். ஏற்கெனவே தொடர்ந்து எடுப்பவர் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, டாக்டர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஒரே வேளையில் வலியைப் பறக்கடிக்கும் பெயர் தெரியாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். ‘நன்றாக அழுத்தினால்தான் விடும்’ என்று சுளுக்கு வழிப்பதும், மரத்துப்போன காலில் செங்கல் ஒத்தடம் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்குத் தோல் வெந்துபோனதே தெரியாமல் போகலாம். ஓய்வே மருந்து என்பதும் தவறு. சிறிது சிறிதாகக் கூட்டும் நடை, ஒழுங்கான தூக்கம், தேவைப்பட்டால் உளவியல் சிகிச்சை, நரம்பு வலிக்கான மருந்து ஆகியவைதான் இங்கே கைகொடுக்கின்றன.

எப்போது காத்திருக்கக் கூடாது?

எந்த வினாத்தாளும் உடல் பரிசோதனைக்கு ஈடாகாது. காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, கால் பலவீனம், சிறுநீர், மலக் கட்டுப்பாட்டை இழத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வேறு காரணம் இருக்கிறதா என்று அறிய தைராய்டு, வைட்டமின் டி, ஈ.எஸ்.ஆர். ஆகிய ரத்தப் பரிசோதனைகளையும் பார்த்துவிடலாம். இந்த அபாய அறிகுறிகள் இல்லாதவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வலி மூன்று மாதம் தாண்டினால் அடுத்த ஸ்கேனுக்கு அலையாதீர்கள். தூக்கம் எப்படி, களைப்பு எப்படி, இதுவரை வாங்கிச் சாப்பிட்ட மாத்திரைகள் எவை என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.