மயக்கத்திற்கு முன் வாய் திறப்போம்

திருத்தணி மலையின் 365 படிகளை ஏறுகிறவர், நடுவழியில் நின்று இளைப்பாறும்போதுதான் தம் மூச்சை நினைக்கிறார். மற்ற வேளைகளில், உறக்கத்திலுங்கூட, அது தானே நடைபெறுகிறது. ஆனால் அறுவைச் சிகிச்சைக்காக முழு மயக்கம் கொடுக்கப்படும்போது நிலைமை வேறு. தசைகளைத் தளர்த்தும் மருந்து செலுத்தப்பட்டதும் நோயாளி தாமாக மூச்சுவிடுவது நின்றுவிடுகிறது. அதன்பின் அவருடைய மூச்சுக்கு மயக்க மருத்துவரே பொறுப்பு.

முகமூடி வழியே பிராணவாயு அளித்தபின், வாய் வழியாக மூச்சுக்குழாயினுள் குழல் ஒன்றை மருத்துவர் செலுத்துவார். பெரும்பாலோர்க்கு இது விரைவில் முடியும். நாக்குப் பெரிதாகவோ, தாடை சிறிதாகவோ, கழுத்து வளையாததாகவோ உள்ளவர்களிடம் குழல் செல்ல வேண்டிய வழியே புலப்படாமற் போகலாம். பிராணவாயு இன்றி மூளை சில நிமிடங்களே தாங்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், இதன் கடுமை விளங்கும்.

இத்தகையோரை முன்னரே கண்டறியும் எளிய சோதனை ஒன்றை, ஆந்திரத்தில் பிறந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பணியாற்றிய டாக்டர் சேஷகிரி ராவ் மல்லம்பாட்டி, 210 நோயாளிகளை ஆராய்ந்து 1985இல் வெளியிட்டார். நோயாளி அமர்ந்து வாயை அகலத் திறந்து நாக்கை நீட்ட வேண்டும். உள்நாக்கு நன்கு தெரிந்தால் குழல் செலுத்துவது பெரும்பாலும் எளிது, மறைந்திருந்தால் கடினமாகலாம். உலகெங்கும் இச்சோதனை அவர் பெயராலேயே வழங்குகிறது. 1960 வரை ஆந்திரத்தோடு இருந்து, இன்றும் தமிழும் தெலுங்கும் ஒருங்கே ஒலிக்கும் திருத்தணிக்கு இப்பெயர் அந்நியமன்று.

எனினும் எச்சோதனைக்கும் தப்பி இடர் நேர்வதுண்டு. 2005இல் இங்கிலாந்தில் இளந்தாய் ஒருவருக்குச் சாதாரண சைனஸ் அறுவைக்காக மயக்கம் கொடுக்கப்பட்டது. குழல் உட்செல்லவில்லை. அனுபவமிக்க மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் முயன்றனர். கழுத்தில் துளையிடும் கருவிகளைச் செவிலியர் கொண்டுவந்தும் அவை பயன்படுத்தப்படவில்லை. சில நாட்களில் அத்தாய் இறந்தார். விமானியான கணவரோ, எவரையும் பழிக்காமல், இதிலிருந்து மருத்துவ உலகம் பாடம் கற்க வேண்டுமென உழைத்தார்.

அப்பாடம் நம் நாட்டிலும் நெறியாகியுள்ளது. அனைத்திந்திய கடின மூச்சுவழிச் சங்கம் 2016இல் வெளியிட்ட நெறிமுறைகளின் சாரம் இது: குழலைவிடப் பிராணவாயுவே முதன்மையானது. குழல் செலுத்தும் முயற்சி மூன்றைத் தாண்டலாகாது. உடனே உதவிக்கு ஆள் அழைக்க வேண்டும். வேறெதுவும் பயன் தராவிடில், தயங்காமல் கழுத்தின் முன்புறத்தில் வழி திறக்க வேண்டும்.

மருத்துவர் கடமை இதுவாயின், நம் கடமை என்ன? அறுவைக்கு முன் மயக்க மருத்துவர் கேட்கும் கேள்விகளை வெறும் சடங்கென எண்ணலாகாது. பலத்த குறட்டை, ஆடும் பல், பொய்ப்பல், கழுத்துக் கழலை, தீக்காயத் தழும்பு எதையும் மறைக்க வேண்டாம். பாக்கும் புகையிலையும் நெடுநாள் மென்று வாய் திறப்புக் குறுகியவர்கள் வெட்கத்தால் அதைச் சொல்லாதிருப்பது ஆபத்து. பசி தாங்கமாட்டார் என்று பாட்டிக்கு ஒளித்துக் கொடுக்கும் ஒரு வாய்ப் பால், மயக்கத்தில் மேலெழும்பி நுரையீரலை அடைந்து உயிரையே பறிக்கக்கூடும்.

இன்னும் ஒன்று. திருத்தணி மக்கள் சிகிச்சைக்காகச் சென்னைக்கும், வேலூருக்கும், திருப்பதிக்கும் செல்கின்றனர். ஒரு மருத்துவமனையில் மூச்சுவழி கடினமாயிருந்தது என்பதை மற்றொரு மருத்துவமனை எவ்வாறு அறியும்? ஆகவே அதனை எழுதித் தரும்படி கேட்டு வாங்குவோம். குடும்ப அட்டையையும் நிலப் பத்திரத்தையும் காக்கும் பெட்டியில் அந்தச் சீட்டுக்கும் இடம் கொடுப்போம். வீட்டார் அனைவர்க்கும் அதைச் சொல்லியும் வைப்போம். நோயாளி பேச இயலாத நிலையில் கொண்டு செல்லப்படும் நாளில், அவருக்காகப் பேசப்போவது அச்சீட்டே.