தண்ணீர் கொதிக்கும்; எண்ணெய் காயும்!

"தண்ணீர் கொதித்ததா?" என்று கேட்பார்கள். எண்ணெய் என்றால், "காய்ந்ததா?" என்றுதான் கேட்பார்கள். இந்தச் சொல் வேற்றுமையில் ஓர் உண்மை இருக்கிறது.

தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் கொதிக்கும். திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. எவ்வளவு எரித்தாலும் ஆவிதான் போகும். எண்ணெய் அப்படி அல்ல. பலகாரம் சுடும்போது 180 டிகிரி வரை காய்ந்துவிடும். அதனால்தான் வேகவைத்த உருளைக்கிழங்கு குழைகிறது. பொரித்த கிழங்கு சிவந்து மொறுமொறுப்பாகிறது.

வேலைக்கு ஒரு சொல்

இட்லியை ஆவியில் அவிப்பார்கள். பருப்பை நீரில் வேகவைப்பார்கள். பாலைக் காய்ச்சுவார்கள். அப்பளத்தை எண்ணெயில் பொரிப்பார்கள். வெங்காயத்தைக் கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்குவார்கள். ரவையை வறுப்பார்கள், அதற்கு எண்ணெய் இல்லாவிட்டாலும் சரி.

சடசட ஓசை ஏன்?

காயைக் காய்ந்த எண்ணெயில் போட்டதும் சடசடவென்று ஓசை கேட்கிறது. அது காயில் உள்ள நீர் ஆவியாகி வெளியேறும் ஓசை. நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் பெருகும். எண்ணெய் தெறிப்பது இதனால்தான்.

தாய்மார்கள் கவனத்துக்கு

வாணலியில் எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. நீர் எண்ணெயைவிடக் கனம். அது அடியில் போய், நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை வாரி இறைத்துவிடும். அடுப்பை அணைத்து, வாணலியை உலோகத் தட்டால் மூட வேண்டும். காற்று கிடைக்காமல் தீ அணைந்துவிடும். நன்றாக ஆறும்வரை தட்டை எடுக்கக் கூடாது.