கல்யாணப் பத்திரிகையில் கியூஆர் கோடா, குட்டி லிங்க்கா?: அச்சடிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

சிவகாசி:-

கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கடை திறப்பு விழா நோட்டீஸ் என எதை அச்சடித்தாலும் இப்போது ஒரு மூலையில் கியூஆர் கோடு இடம் பிடித்து விடுகிறது. செல்போனை காட்டினால் மண்டபத்துக்கு வழி சொல்லும் மேப் திறக்கிறது. சிலர் அதற்கு பதிலாக நீளமான முகவரியை சுருக்கி குட்டி லிங்க் போடுகிறார்கள்.

இரண்டில் எது நல்லது? அவசரப்பட்டு தேர்வு செய்தால் சிக்கல்தான். ஆயிரம் பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்த பிறகு திருத்த முடியாது.

எப்படி வந்தது?

கியூஆர் கோடு 1994-ம் ஆண்டு ஜப்பானில் பிறந்தது. கார் உதிரி பாகங்களை கணக்கு வைப்பதற்காக டென்சோ நிறுவன என்ஜினீயர் மசஹிரோ ஹாராவின் குழு இதை உருவாக்கியது.

குட்டி லிங்க் பிரபலமாக காரணம், நீள முகவரியை மெயிலில் அனுப்பினால் இரண்டு வரியாக உடைந்து வேலை செய்யாமல் போனதுதான். 2002-ல் டைனியூஆர்எல் இந்த சேவையை தொடங்கியது. எஸ்.எம்.எஸ்.சிலும் இது கைகொடுத்தது. ஒரு எஸ்.எம்.எஸ்.சில் ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் 70 எழுத்துதான் அடங்கும். அதில் பாதியை முகவரியே தின்று விட்டால் விஷயத்தை எங்கே எழுதுவது?

காகிதத்துக்கு ஒன்று, போனுக்கு ஒன்று

பத்திரிகை, போஸ்டர், கடை போர்டு என்றால் கியூஆர் கோடுதான் வசதி. குட்டி லிங்க்கை பார்த்து டைப் செய்வது தலைவலி. பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலே பல லிங்க் திறக்காது. ஆங்கில சின்ன 'எல்' எழுத்தும் எண் 1-ம் ஒன்றுபோல் தெரியும். வயதானவர்கள் திணறிப் போவார்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் லிங்க்தான் சரி. கோடு வந்திருப்பதே கையில் உள்ள போனில். அதை எந்த போனால் ஸ்கேன் பண்ணுவது? கேலரியில் இருந்து படிக்கும் வசதி இருந்தாலும், அது எல்லோருக்கும் தெரிவதில்லை. லிங்க் என்றால் ஒரு தட்டு தட்டினால் போதும்.

ஒலிபெருக்கியிலோ ரேடியோவிலோ சொல்வதற்கு கோடு உதவாது. வாயால் சொல்லக்கூடிய சின்ன முகவரிதான் வேண்டும்.

கோடுக்குள் என்ன இருக்கு?

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் கியூஆர் கோடில் இரண்டு ரகம் உண்டு.

முதல் ரகத்தில் முகவரி முழுசாக கோடுக்குள்ளேயே இருக்கும். முகவரி இருக்கும் வரை கோடும் வேலை செய்யும். யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். ஆனால் அச்சடித்த பிறகு முகவரியை மாற்ற முடியாது.

இரண்டாவது ரகம் 'டைனமிக்' கோடு. இதன் உள்ளே இருப்பது ஒரு குட்டி லிங்க்தான். கடைசி நேரத்தில் மண்டபம் மாறினால் கூட கோடை மாற்றாமல் முகவரியை மட்டும் மாற்றலாம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கும் கிடைக்கும். ஆனால் கடிவாளம் அந்த சேவை நிறுவனத்தின் கையில். 'இலவசம்' என்று தொடங்கி, சில நாள் சோதனை காலம் முடிந்ததும் பணம் கேட்பவை உண்டு. கட்டாவிட்டால் கோடு செத்துப் போகும். பத்திரிகை அடித்து ஒரு மாதம் கழித்துத்தான் கல்யாணம் என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

பெரிய நிறுவனம் என்றாலும் உத்தரவாதம் இல்லை. கூகுளின் கூ.ஜிஎல் சேவை 2009-ல் வந்தது. 2019-ல் புதிய லிங்க் உருவாக்குவது நிறுத்தப்பட்டது. 2025 ஆகஸ்டில், நீண்ட நாள் யாரும் பயன்படுத்தாத பழைய லிங்க்குகளுக்கு மூடுவிழா நடந்தது. மேப்பில் இருந்து ஷேர் செய்யும் லிங்க்குகள் தப்பின. அதற்கு முன் 2010-ல், விபி.எல்ஒய் என்ற குட்டி லிங்க் சேவையின் பெயரை லிபியா நாட்டு பதிவகம் பறித்துக் கொண்டது. 'எல்ஒய்' என்பது லிபியாவுக்கு உரிய இணைய எழுத்து.

தங்க மையில் அடிக்கலாமா?

மெரூன் அட்டையில் தங்க மையில் கோடு அடித்தால் பார்க்க அழகுதான். ஆனால் மினுமினுப்பில் கேமரா தடுமாறும். வெள்ளையில் கறுப்பே பத்திரம். சுற்றிலும் வெள்ளை ஓரம் விட வேண்டும். பத்திரிகையில் குறைந்தது 2 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். 10 அடி தூரத்தில் இருந்து படிக்கும் பேனர் என்றால் 1 அடி.

முகவரி நீண்டால் கட்டங்களும் பொடியாகும். சாதாரண அமைப்பில் 30 எழுத்து முகவரிக்கு 29-க்கு 29 கட்டம் போதும். 100 எழுத்து என்றால் 41-க்கு 41 ஆகிவிடும். அதனால் தேவையில்லாத வாலை வெட்டி விட்டு, சுருக்கமான சொந்த முகவரியை கோடாக்குவது நல்லது.

இரண்டும் சேர்ந்தால்?

பள்ளிப் பாடப்புத்தகங்களில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. திக்ஷா தளத்துக்கான கியூஆர் கோடின் கீழே 6 எழுத்து கொண்ட குறியீடும் அச்சாகி இருக்கும். கேமரா மக்கர் செய்தால் அதை டைப் செய்யலாம். பத்திரிகையிலும் கோடின் கீழே மண்டபத்தின் பெயரையும், பக்கத்து பஸ் நிறுத்தத்தையும் ஒரு வரி போட்டு விட்டால், போன் இல்லாத பெரியவர்களும் வந்து சேருவார்கள்.

ஸ்டிக்கர் உஷார்!

கோடு, குட்டி லிங்க் இரண்டிலும் உள்ளே இருப்பது வெளியே தெரியாது. மோசடி கும்பலுக்கு அதுதான் வசதி. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 2022-ல் பார்க்கிங் கட்டண மெஷின்களில் போலி கோடு ஸ்டிக்கர்கள் ஒட்டப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. எனவே ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் முகவரியை படித்துப் பார்த்த பிறகே திறக்க வேண்டும். பணம் பெறுவதற்கு கோடை ஸ்கேன் செய்யவோ, ரகசிய எண்ணை போடவோ தேவையில்லை. ஏமாந்து விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

அச்சகத்தில் புரூப் காட்டும்போது எழுத்துப் பிழை மட்டும் பார்த்தால் போதாது. இரண்டு, மூன்று போன்களில் கோடை ஸ்கேன் பண்ணி, சரியான மண்டபம்தான் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே 'ஓ.கே.' சொல்ல வேண்டும்.