ஜான் ஃபிராஸ்ட்: குதித்தவர், திரும்பியவர் கணக்கு

1942 பிப்ரவரி 27 இரவு. பிரான்ஸின் புரூனவால் கடற்கரைக்கு 12 விட்லி விமானங்களில் 120 பேர். தலைமை, பிரிட்டிஷ் மேஜர் ஜான் ஃபிராஸ்ட். வயது 29, பிறந்தது நம் பூனாவில். ஜெர்மானிய ரேடாரின் பாகங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு சுமார் மூன்று மணி நேரத்தில் படகேறிவிட்டார்கள். இறப்பு 2, சிறைப்பட்டவர் 6. ஃபிராஸ்ட்டுக்கு மிலிட்டரி கிராஸ்.

அதே ஆண்டு நவம்பர் 29, துனிசியா. இம்முறை 500க்கும் மேற்பட்டோர் கொண்ட 2ஆவது பாராசூட் பட்டாலியன். அழிக்கச் சொன்ன ஊட்னா விமானதளத்தில் விமானமே இல்லை. வந்து சேர வேண்டிய தரைப்படையும் பாதியில் நின்றுவிட்டது. பட்டாலியன் சண்டையிட்டுக்கொண்டே நடந்து திரும்பியபோது 16 அதிகாரிகளும் சுமார் 250 வீரர்களும் கணக்கில் இல்லை. அதாவது, பாதிப் பேர். பதக்கம் ஒரு படி உயர்ந்தது: டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் ஆர்டர் (டி.எஸ்.ஓ.).

1943 ஜூலையில் சிசிலியின் பிரிமோசோலே பாலத்துக்குக் கிளம்பிய, ஃபிராஸ்ட்டின் பட்டாலியனும் அடங்கிய பிரிகேடில் ஏறத்தாழ 1,850 பேர். சொந்தக் கப்பல்களே சுட்டதில் விமானங்கள் சிதற, பாலத்தருகே சண்டையிட்டவர் 300ஐ எட்டவில்லை.

பிறகு நெதர்லாந்தின் ஆர்னெம். 1944 செப்டம்பர் 17. இறங்கிய இடத்துக்கும் கைப்பற்ற வேண்டிய பாலத்துக்கும் இடையே 10 கிலோமீட்டருக்கு மேல். பாலத்தருகிலேயே குதித்து இறங்கியிருந்தால் மிச்சமாகியிருக்கும் தூரம் அது. பாலத்தின் வடமுனைக்குப் போய்ச் சேர்ந்தவர் சுமார் 740. 48 மணி நேரம் தாக்குப்பிடித்தால் டாங்கிகள் வந்துவிடும் என்பது வாக்கு. அவர்கள் நின்றதோ மூன்று பகல், நான்கு இரவு. டாங்கிகள் 20ஆம் தேதி மாலை நைமெகன் பாலத்தைக் கடந்தன. அங்கிருந்து ஆர்னெம் இன்னும் 17 கிலோமீட்டர். அதற்குள் ஃபிராஸ்ட் காலில் காயம்பட்டுக் கிடந்தார். பாலத்தில் இறந்தவர் 81. மற்றவரில் பெரும்பாலோர் சிறைப்பட்டனர், அவரும்தான். ரைன் நதிக்கு வடக்கே போரிட்ட சுமார் 10,000 பேரில் திரும்பக் கடந்தவர் ஏறக்குறைய 2,400.

இதற்கு இரண்டாவது டி.எஸ்.ஓ. வீரத்துக்கு அது கூடுதல் அல்ல. ஆனால் வரிசையைப் பாருங்கள்: நன்றாக முடிந்த புரூனவாலுக்குத்தான் சிறிய பதக்கம்.

1968இல் மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றார். அவர் காத்த பாலத்தை 1944 அக்டோபரில் நேச நாட்டு விமானங்களே தகர்த்தன. போருக்குப் பின் கட்டிய பாலத்துக்கு 1978இல் அவர் பெயரை வைத்தார்கள்.