சிங்கப்பூரில் நான்கு வாரம்: பேரனின் கைப்பிடித்து ஒரு கோயில் வலம்

காலை எட்டு மணிக்குள் மகளும் மருமகனும் அலுவலகம் சென்றுவிட்டனர். ஒன்பது வயதுப் பேரன் அதற்கும் முன்பே பள்ளிக்குக் கிளம்பிவிட்டான். பதினான்காம் தளத்து வீட்டில் மாயவரத்திலிருந்து வந்திருந்த தாத்தாவும் பாட்டியும் மட்டுமே எஞ்சினர். ஜன்னலுக்கு வெளியே எங்கு நோக்கினும் அடுக்குமாடிக் கட்டடங்கள். பேச ஆளில்லை, திண்ணை இல்லை, பூக்காரியின் குரலும் இல்லை. வந்து பத்து நாள்கள்தாம் ஆகியிருந்தன. "டிக்கெட்டை மாற்றிக்கொண்டு அடுத்த வாரமே ஊருக்குத் திரும்பிவிடலாமா?" என்று பாட்டி மெல்லக் கேட்டார். தாத்தா மறுக்கவில்லை.

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளைக் காணச் சென்று வந்த பெரியவர்கள் பலரும் இந்த நிலையை அறிவார்கள். வாரநாள்களில் பிள்ளைகளுக்கு நேரம் இருப்பதில்லை. அந்தக் குறை தீர, வாரக் கடைசியில் ஊர் முழுவதையும் இரண்டே நாள்களில் காட்டிவிடத் துடிக்கிறார்கள். இந்தத் தம்பதியருக்கும் அதுவே நேர்ந்தது. கடல் சிங்கச் சிலை, செந்தோசாத் தீவு, கரையோரப் பூந்தோட்டங்கள் என்று முதல் சனி, ஞாயிறிலேயே அலைந்து முடித்தார்கள். பாட்டிக்குக் கால் வீங்கியது. கைப்பேசியில் படங்கள் நிறைந்தன. எது எந்த இடம் என்பது மட்டும் இருவர் நினைவிலும் நிற்கவில்லை.

தாத்தாவின் மனக்குறை வேறு. பேரன் அன்பானவன்தான்; ஆனால் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் பிள்ளையோடு நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச இயலவில்லையே என்பது அவர் நெஞ்சில் முள்ளாக உறுத்தியது.

வெள்ளிக்கிழமை மாலை

அந்த வார வெள்ளிக்கிழமை மாலை, பேரனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இருவரும் சிராங்கூன் சாலையிலுள்ள வீரமாகாளியம்மன் கோயிலுக்குச் சென்றனர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது அக்கம்பக்கத்து மக்கள் இக்கோயிலில் அடைக்கலம் புகுந்தனர் என்றும், கோயிலுக்குச் சேதம் நேரவில்லை என்றும் அங்குள்ளோர் பக்தியோடு சொல்வதுண்டு.

கோயிலில் எழுதியிருந்த தமிழ் அறிவிப்பு ஒன்றின் முன் பேரன் நின்றான். எழுத்தெழுத்தாகக் கூட்டி, உரத்த குரலில் வாசித்தான். வாசித்து முடித்துத் தாத்தாவின் முகத்தைப் பார்த்தான். தாத்தாவுக்குக் கண் கலங்கியது. சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் தமிழும் ஒன்று. பள்ளியில் அதைத் தாய்மொழிப் பாடமாகக் கற்பிக்கிறார்கள். பிள்ளைக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. பேச வேண்டிய தேவைதான் இதுவரை ஏற்படவில்லை.

அன்றிரவே திட்டம் மாறியது. இனி ஒரு நாளைக்கு ஓரிடம் மட்டும். பள்ளி விட்டு வந்து பேரன் சற்று இளைப்பாறியதும் மாலையில் மூவரும் கிளம்புவது. வழியிலுள்ள பெயர்களைப் பேரன் வாசிக்க வேண்டும். அவற்றின் கதையைத் தாத்தா சொல்ல வேண்டும். கதை தெரியாத இடங்களைப் பற்றிக் காலை வேளையில் படித்து வைத்துக்கொள்வது தாத்தாவின் பொறுப்பாயிற்று. 1935-இல் தொடங்கப்பட்டு இன்றும் வெளிவரும் 'தமிழ் முரசு' நாளிதழும், நூலகத்தின் தமிழ் நூல்களும் அவருக்குத் துணைநின்றன. பத்து நாள்களாக நீண்டு கிடந்த காலைப் பொழுதுக்கு ஒரு வேலை கிடைத்தது.

மாரியம்மன் பெயர் சூட்டிய தெருக்கள்

முதலில் சென்றது சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயில். சிங்கப்பூரின் மிகப் பழைமையான இந்துக் கோயில் இதுவே. 1819-இல் ராபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்து இறங்கிய நாராயண பிள்ளை என்ற தமிழர், செங்கல் சூளை வைத்து முன்னேறியவர். 1827-இல் மரத்தாலும் ஓலையாலும் ஓர் எளிய கோயிலை அவர் எழுப்பினார். பின்னர் அது செங்கல் கட்டடமாயிற்று. தீபாவளிக்கு முன்பாக இங்கு நடைபெறும் தீமிதித் திருவிழா பெரும் புகழ் பெற்றது.

கோயிலின் இருபுறமும் உள்ள தெருக்களின் பெயர்களைப் பேரன் வாசித்தான்: பகோடா ஸ்ட்ரீட், டெம்பிள் ஸ்ட்ரீட். இரண்டும் இக்கோயிலைக் கொண்டே வந்த பெயர்கள். அந்நாளில் ஐரோப்பியர் நம் கோயில்களைப் 'பகோடா' என்றே அழைத்தனர். சீனர்கள் நிறைந்து வாழும் பகுதியின் நடுவில், ஓர் அம்மனின் கோபுரத்தால் தெரு பெயர் பெற்றிருப்பதை அறிந்த பேரனுக்கு வியப்புத் தாளவில்லை. அதே சாலையில் சில அடி தூரத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா சூலியா பள்ளிவாசலும், இன்னும் சற்றுத் தள்ளிப் புத்தர் கோயிலும் உள்ளன. மூன்றையும் ஒரே மாலையில் மெதுவாக நடந்தே காணலாம்.

அடுத்தடுத்த நாள்களில் மற்றக் கோயில்கள். சிராங்கூன் சாலையில் 1855-இல் தோன்றிய ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில். அதன் ராஜகோபுரம் பின்னாளில் எழுந்தது. டேங்க் சாலையில் நாட்டுக்கோட்டை நகரத்தார் 1859-இல் அமைத்த தெண்டாயுதபாணி கோயில். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகள் தெண்டாயுதபாணி சந்நிதியில் வந்து நிறைவுறுகின்றன. மாமனின் வாசலில் தொடங்கி மருமகனின் சந்நிதியில் முடியும் அந்த நடையைத் தாத்தா விளக்கியபோது, "அப்ப முருகன் தாத்தா வீட்டிலிருந்து வரலையா?" என்று பேரன் தமிழிலேயே கேட்டான். பாட்டி வாய்விட்டுச் சிரித்தார்.

வாட்டர்லூ தெருவிலுள்ள கிருஷ்ணன் கோயில் அவர்களை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. இதன் அருகிலேயே கருணைத் தெய்வமான குவான் யின்னுக்குச் சீனர்கள் வழிபடும் கோயில் உள்ளது. அங்கு வரும் சீனப் பக்தர்கள் பலர் கிருஷ்ணன் கோயில் முன்பும் நின்று ஊதுவத்தி ஏற்றி வணங்கிச் செல்கின்றனர். பாட்டியைப் போலவே கண்மூடி நின்ற ஒரு சீன மூதாட்டி, விழி திறந்ததும் பாட்டியைப் பார்த்துப் புன்னகைத்தார். இருவருக்கும் பொது மொழி எதுவுமில்லை. இருவரும் கைகூப்பிக்கொண்டனர்.

நிழலும் நடையும்

கோயில் செல்லாத நாள்களுக்குத் தோட்டங்கள். 1859-இல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை யுனெஸ்கோ 2015-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதிகாலை ஐந்து மணிக்கே திறக்கும் அப்பூங்காவில் நுழைவுக் கட்டணம் இல்லை. ஆர்க்கிட் மலர்த் தோட்டத்துக்கு மட்டும் உண்டு. வெயில் ஏறுமுன் நிழல் பாதையில் நடந்து, வேண்டிய இடத்தில் அமர்ந்து எழலாம். முதல் வாரம் ஓடி ஓடிப் பார்த்த கரையோரப் பூந்தோட்டங்களுக்கும் ஒரு மாலை மீண்டும் சென்றனர். இரவில் செயற்கைப் பெருமரங்களில் நிகழும் ஒளிக்காட்சியைப் புல்வெளியில் சாய்ந்தபடி கட்டணமின்றிக் கண்டனர். முதல் முறை அதைப் பார்த்ததாகவே பாட்டிக்கு நினைவில்லை.

பயணம் செல்லும் பெரியவர்கள் சிலவற்றைக் கருத்தில் கொள்வது நலம். சிங்கப்பூருக்கான வருகை அட்டையை, சென்று சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. அன்றாட மருந்துகளை மருத்துவர் சீட்டுடன் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவச் செலவு மிகுதியாதலால் பயணக் காப்பீடு இன்றிக் கிளம்பலாகாது. மெல்லும் புகையிலையை அந்நாட்டுக்குள் கொண்டு செல்லத் தடை உண்டு. ரயிலுக்குள் உண்பதற்கும் பருகுவதற்கும் அனுமதியில்லை. கோயில்கள் நண்பகலில் நடை சாத்தப்படுவதால் நேரத்தை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. பகல் வெயிலும் திடீர் மழையும் வழக்கம். குடை எப்போதும் கையில் இருக்கட்டும்.

கடைசி ஞாயிறு

நான்காம் வாரக் கடைசியில் மகளும் மருமகனும் உடன் வந்தனர். எங்கே செல்வதென்று கேட்டபோது, "மாரியம்மன் கோயில்" என்றான் பேரன். தெருமுனையில் அம்மா அப்பாவை நிறுத்தி, பகோடா என்ற பெயர் எப்படி வந்தது, நாராயண பிள்ளை யார், ஓலைக் கோயில் எப்போது செங்கல் கோயிலாயிற்று என்று தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னான். வார்த்தை கிடைக்காத இடங்களில் தாத்தாவைப் பார்த்தான். அவர் எடுத்துக் கொடுத்தார். பதினோரு ஆண்டுகளாக அவ்வழியே போய்வரும் பெற்றோருக்கு அந்தக் கதை தெரிந்திருக்கவில்லை.

சந்நிதியில் தீபாராதனை முடிந்ததும், "இனி வெள்ளிக்கிழமை மாலையில் நான் சீக்கிரம் வந்துவிடுகிறேன் அப்பா. இவனை நானே கோயிலுக்கு அழைத்துப் போகிறேன்" என்றாள் மகள். தாத்தா தம் தட்டிலிருந்த குங்குமத்தை எடுத்துப் பேரனின் நெற்றியில் இட்டார். டிக்கெட்டை முன்கூட்டியே மாற்றுவது பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. குறித்த நாளில், குறித்த விமானத்தில் இருவரும் ஊர் திரும்பினர்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் மாயவரத்து வீட்டில் இரவு உணவு சற்றுத் தள்ளிப் போகிறது. கோயிலிலிருந்து வந்ததும் பேரன் அழைப்பான். அன்று என்ன பார்த்தான் என்று தமிழில் சொல்வான். இருவரும் கைப்பேசியை நடுவில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.