தாடை இறுக்கத்துக்குத் தேகமெங்கும் சிகிச்சை

முதுகு நோவைக் குறித்துச் சென்ற இதழில் எழுதியபோது, முகத்திலே தோன்றும் நோவுக்கும் தேகம் சுமக்கும் பாரத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் பின்னர் விஸ்தாரமாகச் சொல்வதாக வாக்களித்திருந்தேன். அதனை விளக்க உச்சமுனையைவிடப் பொருத்தமான ஸ்தலம் எனக்குத் தோன்றவில்லை. கற்பிட்டியிலிருந்து படகேறி வடக்கே போனால், ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் களப்பும் நெருக்க, நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலம் அது. அங்கே வாடி போட்டுத் தங்கியிருக்கும் மீனவர்களின் உழைப்பில் கைக்கும் காலுக்கும் உள்ள பங்கை யாரும் காண்பர். தாடைக்கு உள்ள பங்கைக் காண்பவர் சிலரே.

படகைக் கரையேற்றத் தோள் கொடுப்பவனும், அலை மோதுந்தோறும் தேகத்தை விறைத்துக்கொண்டு எஞ்சினின் பிடியைப் பற்றியிருப்பவனும், பாரம் உச்சமாகும் கணத்தில் சுவாசத்தை அடக்கி, கழுத்தை முன்னே நீட்டி, பல்லோடு பல்லை அழுத்துகிறார்கள். கணநேர அழுத்தத்தால் தீங்கில்லை. உதடுகள் சேர்ந்திருக்க, பல்வரிசைகள் சற்றே விலகி நிற்பதுதான் தாடைக்கு இயற்கை விதித்த ஓய்வு. வேலை முடிந்த பின்னரும், கடனையும் காற்றையும் மீன்பாடு குறைந்ததையும் நினைத்தபடி படுத்துறங்கும் வேளையிலும் அந்த ஓய்வு கிட்டாமற்போனால், கன்னத்துத் தசைகளும் நெற்றிப்பொட்டுத் தசைகளும் இளகாமலே நின்று, காதின் முன்புறத்தில் நோவும், வாய் திறக்கையில் மூட்டிலே சொடுக்கொலியும், விடியற்காலைத் தலைவலியும் வந்து சேர்கின்றன.

இந்தக் குறிகளை 1934ஆம் ஆண்டிலே தொகுத்துக் கூறிய அமெரிக்க வைத்தியர் ஜேம்ஸ் காஸ்டன், பல்வரிசை குலைந்து மூட்டு நசுக்கப்படுவதே காரணம் என்று கருதினார். அந்தக் கருத்தின் செல்வாக்கினால் பல்லை ராவுவதும், கடியை மாற்றியமைப்பதும், மூட்டையே அறுப்பதும் வழக்கமாயின. 1980களில் டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டுகளை மூட்டினுள் பொருத்தினார்கள். அவை துகள்துகளாகச் சிதைந்து அயலிலுள்ள எலும்பையே அரித்தபடியால், 1990ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்க அரசு எச்சரிக்கை விடுத்து, மறு ஆண்டில் அவற்றைத் திரும்பப் பெறச் செய்தது. நோவு தோன்றிய இடத்தை மாத்திரம் நோக்கி, அதனைச் சூழ்ந்த மனிதனை நோக்காத வைத்தியம் எத்தனை பேரை வாழ்நாள் அவஸ்தையில் தள்ளியது என்பதை எண்ணும்போது என் மனம் பதறுகிறது.

தாடை தனித்துத் தொங்கும் உறுப்பன்று. அதிலிருந்து நாவடி எலும்புக்கும், அங்கிருந்து மார்பெலும்புக்கும், மெல்லியதொரு தசையின் வழியாகத் தோள்பட்டை எலும்புக்குங்கூடத் தொடர்ச்சி உண்டு. அதனினும் முக்கியமானது நரம்பின் வழி: முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் ஐந்தாம் மண்டையோட்டு நரம்பின் இழைகள் முண்ணாணின் கழுத்துப் பகுதிவரை இறங்கி, மேற்கழுத்து நரம்புகளின் செய்திகள் வந்து சேரும் அதே இடத்தில் முடிவதால், கழுத்தின் நோவைக் கன்னத்திலும் கன்னத்தின் நோவைக் கழுத்திலும் மனிதன் உணர்கிறான்.

உயிர் இரசாயனத்தில் 1920ஆம் ஆண்டிலே கலாநிதிப் பட்டம் பெற்ற ஐடா ரால்ஃப் என்னும் அமெரிக்கப் பெண்மணி வகுத்த பத்து அமர்வுச் சிகிச்சையில், முதலில் விலாவும் சுவாசமும், பின்பு பாதம், தொடை, வயிறு, முதுகு ஆகியனவும் இளக்கப்பட்டு, ஏழாவது அமர்விலேதான் கழுத்துக்கும் தலைக்கும் முறை வருகிறது. அப்போது வாயினுள் விரல் வைத்தும் தசையைத் தளர்த்துவார்கள். பாதத்து இறுக்கம் நேரே தாடையை இழுக்கிறது என்று அம்முறையினர் சிலர் சொல்வது நிரூபணமான விஷயமன்று. ஆயினும், அஞ்சி விறைத்திருக்கும் ஒருவனின் நோகும் இடத்தில் எடுத்த எடுப்பில் கை வைக்காமல், தூர இருந்து நெருங்கும் அந்த வரிசையை விவேகமுள்ளதாகவே மதிக்கிறேன்.

நம்முடைய சித்த வைத்தியம் முப்பத்திரண்டு புறமருந்துகளில் ஒன்றாக வைத்த தொக்கணமும் தேகம் முழுவதையுமே களமாகக் கொண்டது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஸ்பரிசத்தையே ஒன்பதாக வகுத்த நுட்பம் வியக்கத்தக்கது. தாடை நோவுக்கு இவற்றுள் வலியவற்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன். முதுகிலும் தோளிலும் வெதுவெதுப்பான எண்ணெயிட்டுப் பிடித்து, பிடரியின் அடியை மெல்ல அழுத்தி, அதன் பின்னரே கன்னத்தை விரல்நுனிகளால் கீழ்நோக்கி நீவ வேண்டும்; மூச்சு தானாக நீள்வதே அடுத்த இடத்துக்குப் போகலாம் என்பதற்கு அடையாளம்.

இவ்விடத்தில் இன்னொன்றும் சொல்ல ஆசைப்படுகிறேன். ஈழத்துக் கரைகளில் வலை இழுப்போர் பாடும் அம்பா, கூட்டத்தின் கைகளை ஒருமிக்கச் செய்வதற்காக எழுந்தது என்பார்கள். அது மெய்யே. ஆனால் ஒருவர் அடியெடுக்க மற்றவர் வாய் திறந்து ஏற்றுப் பாடும்போது, பாரத்தை இழுக்கும் கணத்திலேயே சுவாசம் வெளியேறுகிறது. பாடுகிறவனால் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க இயலாது. இதை எவரும் அளந்து பார்த்தார்களென்று நான் சொல்லவில்லை. தாடையின் தொழிலைக் கற்றவன் என்ற முறையில் எனக்கு இது வெளிப்படையாகத் தெரிகிறது. எஞ்சினின் இரைச்சலில் பாட்டு ஒடுங்கிப்போன வேலையில், பாரத்தைத் தூக்கும்போது மூச்சை ஓசையோடு விடவாவது இளைஞர்கள் பழக வேண்டும்.

சர்வதேச நிபுணர் குழுவொன்று 2023 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்ட வழிகாட்டியும், நாட்பட்ட தாடை நோவுக்குக் கைச்சிகிச்சை, தாடைப் பயிற்சி, நிற்கும் இருக்கும் நிலையைத் திருத்தும் பயிற்சி, மனப்பழக்கத்தை மாற்றும் சிகிச்சை ஆகியவற்றையே வலியுறுத்தி, கடியை நிரந்தரமாக மாற்றும் சாதனங்களையும் மூட்டின் தட்டை அகற்றும் அறுவையையும் விலக்கியிருக்கிறது.

எல்லாத் தாடை நோவும் இறுக்கத்தால் வருவதன்று. வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால் பல்வைத்தியரிடம் போக வேண்டும். பாரம் தூக்கும்போது மார்பு அழுத்தமும் வியர்வையும் தாடை நோவோடு கூடி வந்தால், அது இருதயத்தின் குறியாகலாம். கடற்கரைத் தொழிலாளிக்கு இன்னுமொன்று: தூண்டில் முள்ளோ துருவேறிய ஆணியோ குத்திய சில நாட்களில் வாய் பூட்டிக்கொண்டு திறக்க வராவிட்டால், ஏற்புவலி என்று அஞ்ச வேண்டும், அந்நேரத்தில் எண்ணெய்க் குப்பியைத் தேடாமல், இரவானாலும் உடனே படகை எடுத்துக் கற்பிட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.