பருவா, கட்டியா? கை வைக்குமுன் தெரிந்துகொள்ளுங்கள்

மூக்கின் மேல் கரும்புள்ளி, கன்னத்தில் பரு, காதுக்குப் பின்னால் உருண்டையாக ஒரு கட்டி. மூன்றும் வேறு வேறு தொல்லைகள் என்றுதான் தோன்றும். ஆனால் மூன்றும் பெரும்பாலும் மயிர்க்காலில்தான் தொடங்குகின்றன. அங்கே என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டால், எதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எதற்கு மருத்துவரிடம் போகவேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதும் புரிந்துவிடும்.

மயிர்க்காலில் அப்படி என்னதான் நடக்கிறது?

முகம் முழுக்க மெல்லிய பூனைமுடி இருக்கிறது. ஒவ்வொரு முடியின் வேரையும் ஒட்டி ஓர் எண்ணெய்ச் சுரப்பி. அதில் ஊறும் சீபம் (தோலை வறளாமல் காக்கும் எண்ணெய்ப் பசை) மயிர்க்கால் வழியே மேலே வருகிறது. வளரிளம் பருவத்தில் ஆண்ட்ரோஜன் (ஆண், பெண் இருவர் உடலிலும் சுரக்கும் ஒரு ஹார்மோன் வகை) கூடும்போது இந்தப் பசையும் கூடுகிறது. மயிர்க்காலின் உள்சுவரிலிருந்து உதிரும் செத்த செல்கள் அதில் ஒட்டி, வழியை அடைத்துக்கொள்கின்றன.

கரும்புள்ளி என்பது அழுக்குதானே?

இல்லை. அடைப்பின் வாய் திறந்திருந்தால், அதிலுள்ள மெலனினும் (தோலுக்கு நிறம் தரும் பொருள்) எண்ணெயும் காற்றுப்பட்டுக் கறுத்துவிடுகின்றன. வாய் மூடியிருந்தால் அதே அடைப்பு வெண்புள்ளியாகத் தெரியும். அழுக்கே இல்லாததால் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அது போகாது. தோல் எரிச்சலடைந்து பருதான் கூடும்.

மூக்கின் மேல் சாம்பல் நிறத்தில், ஒரே அளவில், நெருக்கமாக இருக்கும் புள்ளிகள் பலருக்குக் கரும்புள்ளியே அல்ல. எண்ணெய் வெளிவரும் இயல்பான துளைகள் அவை. பட்டை ஒட்டி உரித்தெடுத்தாலும் சில வாரங்களில் மறுபடி நிரம்பிவிடும். அவற்றை அப்படியே விட்டுவிடலாம்.

பரு ஏன் சிவந்து வீங்குகிறது?

கூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் (எல்லோர் தோலிலும் வாழும் ஒரு நுண்ணுயிர்) அடைப்புக்குள் பெருகுகிறது. உடலின் எதிர்ப்பு சக்தி அங்கே திரளும்போது சிவப்பும் சீழும் வருகின்றன. மயிர்க்காலின் சுவர் ஆழத்தில் உடைந்துவிட்டால், விரல் பட்டாலே வலிக்கும் முடிச்சுப் பரு உண்டாகிறது. பள்ளமான தழும்பை விட்டுச்செல்வது பெரும்பாலும் இதுதான்.

இதில் உங்களுக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இன்று கண்ணாடியில் தெரியும் பருவின் அடைப்பு சில வாரங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும். அதனால் அடைப்பைத் தடுக்கும் மருந்துகளைப் பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பதில் பலன் குறைவு. பரு வரும் பகுதி முழுவதும் பூசவேண்டும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். பத்தே நாளில் "கேட்கவில்லை" என்று மருந்தை மாற்றுவதால்தான் பலருக்கும் பரு தீராமல் இழுக்கிறது.

அப்படியானால் தோல் கட்டி என்பது என்ன?

'கொழுப்புக் கட்டி' என்று பொதுவாகச் சொல்கிறோமே, அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று லிப்போமா (கொழுப்புச் செல்கள் திரண்ட மெத்தென்ற கட்டி). இன்னொன்று எபிடெர்மாய்டு கட்டி (தோலின் மேலடுக்குச் செல்கள் உள்ளே சிக்கி உண்டாகும் பை). இரண்டாவதில் கொழுப்பே இல்லை. உள்ளே இருப்பது கெரட்டின் (முடியிலும் நகத்திலும் உள்ள புரதம்). அது உதிர்ந்து வெளியேற வழியின்றிப் பைக்குள்ளேயே சேர்ந்துகொண்டு போகிறது.

காதுக்குப் பின்னாலோ, கழுத்திலோ, முதுகிலோ உள்ள கட்டியை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு கரும்புள்ளி தெரிந்தால் பெரும்பாலும் அது எபிடெர்மாய்டு கட்டி. சில சமயம் அதன் வழியே வெள்ளையாக, மாவுபோல, நாற்றத்தோடு ஏதோ கசியும். அது சீழ் அல்ல, கெரட்டின். லிப்போமாவில் இந்தப் புள்ளி இருக்காது. அமுக்கினால் விரலுக்கடியில் வழுக்கிப் போகும்.

பிதுக்கி எடுத்துவிட்டால் என்ன?

உள்ளே இருப்பது வெளியே வரும், பை அப்படியே இருக்கும். பை இருக்கும்வரை கட்டி திரும்ப நிரம்பும். அழுத்தத்தில் பை உள்பக்கமாக உடைந்தால் கெரட்டின் சதையில் கசிந்து, ஒரே இரவில் சிவந்து, சூடாகி, தெறிக்கும் வலி கிளம்பும்.

வலியில்லாத, வளராத கட்டியை விட்டுவைக்கலாம். இவற்றில் மிகப் பெரும்பான்மை புற்றுநோய் அல்ல. உறுத்தினாலோ, அடிக்கடி வீங்கினாலோ, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, பையோடு எடுத்துவிடுவார்கள். சிறு அறுவைதான், அன்றே வீடு திரும்பலாம். வீங்கியிருக்கும் நேரத்தில் பையை முழுதாக எடுப்பது கடினம். அதனால் முதலில் வீக்கம் வடியக் காத்திருப்பார்கள்.

பரு வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

முகத்தைக் காலையும் இரவும், நன்றாக வியர்த்த பிறகும், மென்மையான ஃபேஸ்வாஷால் விரல்நுனி கொண்டு கழுவினால் போதும். நார், சொரசொரப்பான ஸ்க்ரப் வேண்டாம்.

தலையில் வைக்கும் எண்ணெயைக் கவனியுங்கள். தேங்காய் எண்ணெய் பலருக்கு மயிர்க்காலை அடைக்கும். நெற்றியில் முடி தொடங்கும் வரியை ஒட்டிப் பரு வந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். இரவில் எண்ணெய் வைத்துப் படுத்தால் தலையணை உறை வழியாகக் கன்னத்துக்கும் வரும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வைத்து அலசிவிடுங்கள்.

பலகாரம் தின்றால் பரு வருமா? உடம்புச் சூடா?

தின்னும் எண்ணெய் நேராக மயிர்க்காலுக்குப் போவதில்லை. இனிப்பு, மைதா, குளிர்பானம் போல ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாகத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. வெயிலும் வியர்வையும் ஹெல்மெட் வார் உரசலும் இருக்கும் பருவைக் கூட்டலாம். ஆனால் 'சூடு' தணியப் பேதி மருந்து குடிப்பதால் பரு போகாது.

எந்த மருந்து உதவும்?

கரும்புள்ளிக்கு 2 சதவீத சாலிசிலிக் அமிலம் (துளையில் சேர்ந்த செத்த செல்களைக் கரைப்பது) உள்ள ஃபேஸ்வாஷில் தொடங்கலாம். சிவந்த பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு (நுண்ணுயிரைக் கொல்லும் பூச்சு) 2.5 சதவீதமே போதும். அளவு கூடினால் எரிச்சல்தான் கூடும். இந்தப் பூச்சு பட்டால் துண்டும் தலையணை உறையும் சாயம் போகும், வெள்ளைத் துணியைப் பயன்படுத்துங்கள்.

அடைப்பே உருவாகாமல் தடுப்பது அடாபலீன் (வைட்டமின் ஏ வகைப் பூச்சு). மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். இரவில் முகத்தைக் கழுவி, ஈரம் உலர்ந்த பின், ஒரு பட்டாணி அளவு எடுத்து, நெற்றி, கன்னங்கள், தாடை என்று புள்ளி வைத்து மெல்லிய படலமாகப் பரப்பவேண்டும். முதல் சில வாரம் தோல் வறண்டு உரியலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் பூசினால் பழகிவிடும். கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் இதைப் பூசக்கூடாது.

எதைச் செய்யவே கூடாது?

எலுமிச்சைச் சாறு, பற்பசை, சமையல் சோடா மூன்றும் தோலைப் புண்ணாக்கும். அதைவிட ஆபத்து, முகம் வெளுக்க என்று பக்கத்துவீட்டார் சொல்லி வாங்கும் ஸ்டீராய்டு க்ரீம். முதல் வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு கொத்துக்கொத்தாக வரும். நிறுத்தினால் இன்னும் எரியும். இந்திய அரசு 2018-ல் இத்தகைய பல பூச்சுகளை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்கவேண்டிய மருந்துகளில் சேர்த்தது. ட்யூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் நீங்களாக முகத்தில் பூசாதீர்கள்.

பருவைக் கிள்ளாதீர்கள். மாநிறத் தோலில் பரு ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்திருக்கும். கிள்ளினால் கறை இன்னும் ஆழமாகும், வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். எஸ்பிஎஃப் 30 உள்ள, எண்ணெய்ப் பசை இல்லாத சன்ஸ்க்ரீன் பகலில் பூசினால் கறை விரைவில் மங்கும்.

எப்போது மருத்துவரிடம் போகவேண்டும்?

முடிச்சுப் பருவோ தழும்போ தெரியத் தொடங்கினால் காத்திருக்கவேண்டாம். மாதவிடாய் தள்ளிப்போவது, தாடையில் முடி வளர்வது ஆகியவற்றோடு பரு வந்தால் ஹார்மோன் பரிசோதனை தேவைப்படலாம். நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில், அரிப்போடு வரும் பொரிகள் பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. கட்டி வேகமாக வளர்ந்தாலோ, கல்போல் இறுகியிருந்தாலோ, வலியும் காய்ச்சலும் வந்தாலோ உடனே காட்டுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும்போது இதுவரை முகத்தில் பூசிய ட்யூப்கள், தின்னும் மாத்திரைகள், ஜிம்மில் தரும் புரதப் பொடி உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பருவுக்குக் காரணம் அந்தப் பையிலேயே இருப்பதும் உண்டு.